உலகத்துக்கு ஒரு மொழி, எனக்கு ஒரு வினைச்சொல்

மாண்புமிகு நண்பா,

என் தலைமீது கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். அதில் உதிர்வதற்கு இனி ஒரு முடியும் மிச்சமில்லை என்பதால் துணிந்து செய்கிறேன். நான் இங்கே எழுதப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. என் பேரப்பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், கீழ்வீட்டு மலாய்க்காரப் பெரியவர் நம்ப மாட்டார், நீயே திரும்பி வந்து கேட்டாலும் பாதியில் எழுந்துபோய்விடுவாய். ஆனாலும் எழுதுகிறேன். உன்னைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ள எனக்கு அதிகாரம் கொடுத்தது யார் என்று கேட்காதே. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்தப் பதவி காலியாகக் கிடந்தது, நானே எடுத்துக்கொண்டேன்.

நேற்று தேக்கா சந்தையில் காய் வாங்கிவிட்டு, பின்பக்கம் இருக்கும் விளையாட்டுச் சாமான் கடை வழியாக வந்தேன். கட்டுமான வேலைக்கு வந்த இரண்டு தம்பிகள் ஒரு கேரம் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் பவுடர் டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை தூவி, ஸ்ட்ரைக்கரை விட்டுக் காட்டினார். அந்த மணம் வந்து என் சட்டைக் காலரைப் பிடித்தது. போரிக் பவுடருக்கு மணமே கிடையாது என்று விஞ்ஞானிகள் சொல்வார்கள். விஞ்ஞானிகள் ஜூரோங்கில் நம்மோடு ஸ்டோரில் வேலை பார்த்ததில்லை. கீரைக்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வழியில் நின்றுகொண்டு, என்னை அறியாமல் சத்தமாக ஒரு சொல்லைச் சொன்னேன். தம்பிகள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். “என்ன அங்கிள், எந்த பாஷை?” என்றான் ஒருவன்.

எந்த பாஷை என்று சொல்வதென்றால் உன்னிடமிருந்துதான் தொடங்கவேண்டும்.

எழுபதுகளின் பிற்பகுதி. ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையின் ஸ்டோரில் நீயும் நானும் வேலை. உலகக் கப்பல்கள் பாதி நம் கையால்தான் மிதந்தன என்று நான் இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாம் கொடுத்தது வாஷரும் திருகாணியும் கேஸ்கெட்டும்தான் என்றாலும், வாஷர் இல்லாமல் மிதக்கும் கப்பலை யாராவது காட்டட்டும். நீ மார்சிலிங்கில் புது வீடு கிடைத்துப் போயிருந்தாய். அங்கே பக்கத்தில்தான் என் அக்கா வீடு. வாரத்தில் பாதி நாள் அங்கே சாப்பிட்டுத் தூங்குவேன் என்பதால் காலையில் கம்பெனி பஸ்ஸில் உன் பக்கத்து இருக்கை எனக்கு. மற்றவர்கள் வாயைத் திறந்து தூங்குவார்கள். நீ மடியில் ஒரு மெலிந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருப்பாய். ஜெபம் பண்ணுகிறாய் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன், பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவன், வேறென்ன செய்வாய்?

“ஜெபம் இல்லடா. இடோ,” என்றாய்.

“இடோவா? இட்லிக்குத் தம்பியா?”

நீ கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய். முக்கியமான விஷயம் என்றால் நீ முதலில் கண்ணாடியைத் துடைப்பாய்.

“உலகத்துல எல்லாரும் பேசணும்னே செஞ்ச மொழிடா. ஐரோப்பாவுல கொஞ்சம் பேரு ஒக்காந்து யோசிச்சு உண்டாக்கினாங்க. சொல்லெல்லாம் அங்க இங்க இருக்கற பாஷைங்கள்லேர்ந்து எடுத்தது. இலக்கணத்துல விதிவிலக்கே கெடையாது. யாரு வேணாலும் கத்துக்கலாம்.”

“எத்தன பேரு பேசறாங்க?”

“சிங்கப்பூர்லயா?”

“சிங்கப்பூர்லதான்.”

நீ சன்னல் வழியாகப் பார்த்தாய். கிராஞ்சிப் பக்கத்துக் கோழிப்பண்ணை ஒன்று போய்க்கொண்டிருந்தது.

“இப்போதைக்கு நான்,” என்றாய்.

அன்று முடிவு செய்தேன், இந்த மனிதனை விடக்கூடாது என்று. பிராஸ் பசா பழைய புத்தகக் கடை ஒன்றில் சமையல் குறிப்புகளுக்கும் ரேடியோ ரிப்பேருக்கும் நடுவில் அந்தப் புத்தகத்தைக் கண்டுபிடித்தாயாம். உன் மனைவி ஃபிலோமினாவுக்கு அதைப் பற்றி வேறு அபிப்பிராயம். அவள் தோசை சுட்டால் எனக்கு நாலு, உனக்கு மூன்று. அந்த உரிமையில் என்னிடம் மனம்விட்டுப் பேசுவாள்.

“அண்ணே, எங்க வீட்ல மாப்பிள்ளைக்குக் குடி உண்டான்னு விசாரிச்சாங்க. சீட்டாட்டம் உண்டான்னு விசாரிச்சாங்க. இடோ உண்டான்னு கேக்கணும்னு யாருக்குத் தோணும் சொல்லுங்க?”

“தங்கச்சி, குடியவிட இது தேவலாம்.”

“குடிகாரனுக்காவது கூட குடிக்க ஆள் இருக்கும்ணே.”

நீ உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். பக்கம் புரளும் சத்தம் மட்டும் வந்தது.

நான் உன்னிடம் இடோ கற்றுக்கொண்டேன் என்று இன்றுவரை ஊரெல்லாம் சொல்லி வருகிறேன். உண்மையில் நான் கற்றது ஒரே ஒரு வினைச்சொல். முதல் பாடத்தில் நீ வணக்கம் சொல்லிக்கொடுக்க வந்தாய். வணக்கம் என் தொழிலுக்கு உதவாது என்று சொல்லி, “ஒளிச்சு வைக்கறதுக்கு என்ன சொல்வாங்க?” என்று கேட்டேன். நீ நெற்றியைச் சுருக்கிக்கொண்டே சொன்னாய்: “ட்ஸெலார்.”

ட்ஸெலார்! மறைத்தல். என்ன ஒரு கம்பீரம் பார். நாக்கு பல்லுக்குப் பின்னால் பதுங்கி, சட்டென்று வெளியே வருகிறது. ட்ஸெலிஸ் என்றால் மறைத்தேன், ட்ஸெலாஸ் என்றால் மறைக்கிறேன், ட்ஸெலோஸ் என்றால் மறைப்பேன். என் முழு வாழ்க்கை வரலாறும் மூன்று சொல்லில் முடிந்துவிட்டது. கட்டளையிடுவதென்றால் ட்ஸெலெஸ். மறைத்துவை! இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன மொழி வேண்டும் என்று அத்தோடு பாடத்தை நிறுத்திக்கொண்டேன்.

மறைப்பதற்கு நம்மிடம் சொத்து ஒன்று இருந்தது. கேஸ்கெட் தாள் சுருள்களுக்குப் பின்னால் ஒரு கேரம் பலகை. ஸ்டோருக்குள் விளையாட்டுக் கூடாது என்பது சூப்பர்வைசர் லிம்மின் சட்டம். சாப்பாட்டு நேரத்திலும் கூடாது. அவருடைய நடை எப்படிப்பட்டது என்றால், பூனைகள் அவரிடம் வந்து நடை பழகிக்கொண்டு போகும். கதவுப் பக்கம் உட்காருகிறவன்தான் அவரை முதலில் பார்ப்பான். அவன் என்ன சொல்லிக் கத்துவது? தமிழில் கத்தினால் என்னோடு விளையாடும் ஆ செங்குக்குப் புரியாது. ஹொக்கியன் சீனத்தில் கத்தினால் லிம்முக்குப் புரிந்துவிடும். மலாயும் ஆங்கிலமும் எல்லாருக்கும் புரியும். கப்பல் பட்டறை வரலாற்றில் முதன்முறையாக ஒரு சர்வதேச மொழிக்கு நிஜமான தேவை ஏற்பட்டது.

“ட்ஸெலெஸ்!” என்று கத்தினேன்.

பலகை மறைந்தது. லிம் வந்தபோது நாலு பேர் வாஷர் எண்ணிக்கொண்டிருந்தோம். எங்கள் விரல்கள் மட்டும் வெள்ளையாக இருந்தன.

அன்று மாலை பஸ்ஸில் நீ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். புக்கிட் பாஞ்சாங் தாண்டியதும் வெடித்தாய்.

“உலக சமாதானத்துக்கு செஞ்ச மொழிடா அது! எல்லாருக்கும் புரியணும்னு செஞ்சத யாருக்கும் புரியக்கூடாதுன்னு யூஸ் பண்றியே, வெக்கமா இல்ல?”

“லிம்முக்குப் புரிஞ்சா சமாதானமாவா இருப்பாரு?”

நீ சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாய். எனக்குத் தெரியும்.

அடுத்த வாரமே ஆ செங் கத்தத் தொடங்கினான். நம் ஊர் வழக்கப்படி வாலில் ஒரு லா சேர்த்து, “ட்ஸெலெஸ் லா!” என்பான். நீ அலமாரி மேலிருந்து ஏணியில் நின்றபடி திருத்தினாய்: “இடோவுலயும் லா உண்டு ஆ செங். ஆனா பேர்ச்சொல்லுக்கு முன்னால வரணும். பின்னால போடாத.” அவன் உன்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “ஓகே லா,” என்றான். கொஞ்ச நாளில் பக்கத்துப் பெயின்ட் பிரிவுக்காரர்கள், வெல்டிங் ஆட்கள், கேன்டீன் அக்கா வரை அந்தச் சொல் பரவியது. நான் சொல்வதைக் கேட்டால், ஜூரோங் துறைமுகத்துக் கிரேன்கள் எல்லாம் அந்தச் சொல்லுக்குத் தலைகுனிந்தன, நடுக்கடலில் போன கப்பல்கள் தங்கள் புகையை ஒளித்துவைத்தன. நம்பாதே. ஆனால் ஒரு நாள் லிம் கதவுக்கு வெளியே நின்று, தொண்டையைக் கனைத்து, தானே “ட்ஸெலெஸ்!” என்று குரல் கொடுத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து உள்ளே வந்தார். அன்றைக்கு நீ இடோ தெரிந்தவர்களை விரல் மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு என் காதில், “லிம்மையும் சேத்துக்கலாம்டா,” என்றாய். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ.

ஆனால் அது பேச்சு இல்லை. உனக்கும் தெரியும். ஒரு சொல்லைக் கத்துவது வேறு, ஒரு மனிதரோடு பேசுவது வேறு. உன் வாயில் ஒரு முழு மொழி இருந்தது. அதைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஒரு ஜோடிக் காது இல்லை. நீ அதைப் பற்றிப் புலம்பியதே இல்லை, அருளப்பன் வரும்வரை.

அருளப்பன் உங்கள் கோயில் கமிட்டியின் செயலாளர். மைக்கைக் கண்டால் அதன் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறவர். அந்த வருஷத் திருவிழாவுக்கு ஒரு ஸ்பானிய சிஸ்டர் வருவதாக இருந்தது. பிலிப்பைன்ஸில் பல காலம் பள்ளி நடத்திவிட்டு, வயதாகி, ஊர் திரும்பும் வழியில் சிங்கப்பூரில் சில நாள் தங்கியவர். ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் படியில் நின்றபோது அருளப்பன் உன்னைப் பிடித்தார். பூசைக்கு வெளியே காத்திருந்து உன்னோடு சிராங்கூன் ரோட்டில் காப்பி குடிப்பது என் வழக்கம் என்பதால் நானும் இருந்தேன்.

“நீங்க என்னமோ வெள்ளக்கார பாஷ படிக்கிறீங்களாமே! சிஸ்டருக்கு ஸ்பானிஷ்ல வரவேற்பு சொல்லிடுங்க. நோட்டீஸ்ல போட்டாச்சு.”

“அது ஸ்பானிஷ் இல்லீங்க. இடோ.”

“ரெண்டும் ஏபிசிடிதானே லா?”

“அவங்களுக்கு நான் பேசறது புரியும்னு உறுதியா சொல்ல முடியாதுங்க.”

“புரியலன்னா என்ன? நாங்க கொஞ்சம் சிரிச்சிட்டு சாப்பிடப் போவோம்.”

சுற்றி நின்றவர்கள் அப்போதே கொஞ்சம் சிரித்தார்கள். ஃபிலோமினா கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் கட்டிக்கொண்டிருந்தாள். நீ மறுத்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ கண்ணாடியைத் துடைத்தாய்.

“சரி. ஆனா இடோன்னு சொல்லிட்டுத்தான் பேசுவேன்.”

காப்பிக்கடையில் நீ குவளையைத் தொடவில்லை.

“இத்தன வருஷமா எனக்கு நானே பேசிட்டிருக்கேன்டா. எல்லாருக்கும் புரியும், எல்லாருக்கும் புரியும்னு புஸ்தகத்துல போட்ருக்கு. ஒரு ஆளுக்குப் புரிஞ்சு நான் பாத்ததில்ல. அந்தம்மாவுக்கு ஒரு வாக்கியம் புரியட்டும். ஒண்ணு போதும்.”

“புரியலன்னா?”

“புஸ்தகத்த மூடி ஸ்டோர் ரூம்ல போட்ருவேன். ஃபிலோமினா சொன்னது சரின்னு ஒத்துக்குவேன்.”

எனக்கு எதற்கும் ஒரு கிண்டல் கையில் தயாராக இருக்கும். அன்று உனக்கு இன்னொரு காப்பி சொன்னேன், அவ்வளவுதான்.

அதன்பின் கம்பெனி பஸ்ஸில் நீ உதட்டை அசைக்கவில்லை, வாய்விட்டே பேசினாய். வரவேற்புரை முழுவதையும். முன் இருக்கைக்காரர்கள் திரும்பி முறைத்தார்கள். தாளில் எழுதிவைத்துப் படிக்கக்கூடாதா என்று கேட்டதற்கு, “படிச்சா அது பேச்சா?” என்றாய். அந்தப் பிடிவாதத்துக்கு நான் தலைவணங்குகிறேன். அப்போது உன் கழுத்தை நெரிக்கத் தோன்றியது.

திருவிழா நாள் வந்தது. கூட்டமா கூட்டம்! ஜொகூர் பாலத்தில் நடந்தே வந்தவர்கள், தஞ்சோங் பகாரிலிருந்து குடும்பத்தோடு நீந்தி வந்தவர்கள், மண்டபத்தில் இடமில்லாமல் மரக்கிளைகளில் உட்கார்ந்தவர்கள். நான் முருகன் பக்கத்து ஆள் என்றாலும், பிரியாணி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமும் ஆள்தான். பின்வரிசையில், அண்டாவுக்குக் காவலாக நின்றேன்.

சிஸ்டர் மேடையில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியானவர், சாம்பல் நிற உடை, மடியில் கைகள். அருளப்பன் மைக்கைப் பிடித்து, நம் சகோதரர் ஸ்பானிய மொழியில் உரையாற்றுவார் என்று அறிவித்துவிட்டார், நீ அவ்வளவு சொல்லியும். நீ மைக் முன்னால் வந்தாய். “இது ஸ்பானிஷ் இல்ல, இடோ,” என்று தமிழில் சொன்னாய். மைக் கீச்சென்று கத்தியது. நீ வாயைத் திறந்தாய்.

ஒன்றும் வரவில்லை.

பஸ்ஸில் அத்தனை நாள் பேசிய உரை, ஒரு சொல் மிச்சமில்லாமல், எங்கோ இறங்கிப் போய்விட்டது. முன்வரிசையில் அருளப்பன் கால்மேல் கால் போட்டார். யாரோ, “பேசுங்க லா!” என்றார்கள். ஒரு சிரிப்பு தொடங்கி, பக்கத்து வரிசைக்குப் பரவியது. ஃபிலோமினா தலையைக் குனிந்துகொண்டாள். நீ அருளப்பனைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தாய்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிவிடு, எங்காவது ஒளிந்துகொள், பிரியாணி அண்டாவுக்குப் பின்னால் இடமிருக்கிறது என்று உனக்குச் சொல்லவேண்டும். என்னிடம் இருந்தது ஒரே ஒரு சொல்.

“ட்ஸெலெஸ்!”

மண்டபமே திரும்பியது. நீயும் நிமிர்ந்தாய். ஏணிமேலிருந்து ஆ செங்கை முறைப்பாயே, அதே முறைப்பு. பிறகு உன் முகத்தில் ஏதோ அவிழ்ந்தது. நீ கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, மைக்கை விட்டுவிட்டு, சிஸ்டரை நேராகப் பார்த்துச் சொன்னாய்:

“மெ நெ போவாஸ் ட்ஸெலார் மேஆ ஜோயோ.”

அதாவது, என் சந்தோஷத்தை என்னால் மறைக்க முடியவில்லை.

சிஸ்டரின் கைகள் மடியிலிருந்து எழுந்தன. அவர் தலையைச் சாய்த்தார். தூரத்தில் கேட்கும் பாட்டை இன்ன பாட்டு என்று அடையாளம் காணும்போது சாய்ப்பார்களே, அப்படி. பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, தன் மொழியில் திருப்பிச் சொன்னார்.

“நோ புவேதோ... தெலார்... மி அலெக்ரியா.”

நீ தலையை ஆட்டினாய். ஆட்டிக்கொண்டே இருந்தாய். அவர் எழுந்து நின்று இன்னும் ஏதோ சொன்னார். நீ பதில் சொன்னாய்! உரை இல்லை, மனப்பாடம் இல்லை. அவர் கேட்க, நீ சொல்ல, நீ தடுமாற, அவர் சொல் எடுத்துக் கொடுக்க, மேடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கணத்தில் மெர்லயன் தண்ணீர் துப்புவதை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டது. ரோமாபுரியில் போப்பாண்டவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். மலாக்கா நீரிணையில் போன கப்பல்கள் எல்லாம், நம் வாஷர் போட்ட கப்பல்கள், ஒரே நேரத்தில் சங்கு ஊதின. முதலில் கைதட்டியவர் அருளப்பன். எல்லாம் தன் ஏற்பாடு என்பதுபோல் தட்டினார். தட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாப்பாட்டு வரிசையில் சிஸ்டர் என் அருகே வந்தார். கத்தியவன் நான்தான் என்று தெரிந்திருந்தது. அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே உயரம், அதனால் சௌகரியமாகப் பேசினோம். அந்தச் சொல் அவர்கள் ஊரில் புத்தகங்களுக்குள் தூங்குகிற சொல்லாம். மறைப்பதற்குக் கடைத்தெருவில் வேறு சொல்தான் சொல்வார்களாம். இந்தப் பொருளில் ஒரு மனிதர் வாயால் சொல்லி அவர் கேட்டது இதுதான் முதல் தடவையாம், அதுவும் சிங்கப்பூரில்.

“எங்க ஊர்ல தினமும் சொல்வோம் சிஸ்டர்,” என்றேன். “ஜூரோங் பக்கம் வந்து பாருங்க. சீனர், மலாய்க்காரர், எல்லாரும் சொல்வாங்க.”

என் வாழ்நாளில் நான் சொன்ன உண்மைகளிலேயே இதைத்தான் ஒருவர் சந்தேகப்படாமல் ஏற்றுக்கொண்டார்.

நீ அந்தப் புத்தகத்தை மூடவில்லை. ஸ்பெயினுக்கும் போகவில்லை, இன்னொரு இடோக்காரரையும் கடைசிவரை சந்திக்கவில்லை. அதெல்லாம் உனக்கு வேண்டியிருக்கவும் இல்லை. ஸ்டோரிலிருந்து ஓய்வு பெற்றபிறகும், கீழ்த்தளத்து நாற்காலியில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருப்பாய். யாராவது கேட்டால், “ஒருத்தங்களுக்குப் புரிஞ்சிருக்கு,” என்பாய். அவ்வளவு நிமிர்வாக ஒரு மனிதர் ‘ஒருத்தங்க’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள், அங்கிளுக்கு எத்தனை மொழி தெரியும் என்று பேச்சுக்குக் கேட்பார்கள். தமிழ், மலாய், இங்கிலீஷ், சந்தை ஹொக்கியன், அப்புறம் ஐந்தாவது மொழியில் ஒரு வினைச்சொல் என்பேன். நேற்று தேக்காவில் அந்தக் கட்டுமானத் தம்பிக்கும் அதைத்தான் சொன்னேன். அவன் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். நன்றாகவே வந்தது. நீ இருந்தால் கொஞ்சம் திருத்தியிருப்பாய்.

சரி, போதும். கிரேன் தலைகுனியவில்லை, ஒத்துக்கொள்கிறேன். மெர்லயன் நிற்கவில்லை. மண்டபத்தில் பின்பாதி நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. நீ பேசியதில் பாதி சிஸ்டருக்குப் புரிந்திருக்காது, அவர் பேசியதில் பாதி உனக்குப் புரிந்திருக்காது. நான் உன்னைக் காப்பாற்றத்தான் சமயம் பார்த்துக் கத்தினேன் என்று சொல்லி வருவதையும் தள்ளுபடி செய்துகொள். ஆனால் ஒரு சின்ன விஷயத்தில் நான் ஒரு எழுத்தும் கூட்டவில்லை. நீ அதைப் பார்க்கவில்லை. நீ மேடைக்குக் கீழே சிஸ்டரோடு பேசிக்கொண்டிருந்தாய், உன் தட்டு யார் கையிலோ ஆறிக்கொண்டிருந்தது. ஃபிலோமினா சாப்பாட்டு வரிசையில் எனக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். பக்கத்தில் இருந்த பெண் அவள் முழங்கையைத் தொட்டாள்.

“உங்க வீட்டுக்காரர் ஸ்பானிஷா பேசறாரு?”

ஃபிலோமினா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஸ்பானிஷ் இல்ல. இடோ.”

“ரொம்பக் கஷ்டமோ?”

“மத்தவங்களுக்கு,” என்றாள்.

இது நடந்தது, நண்பா. இதை மட்டும் நான் சொன்னபடியே நம்பலாம்.